அறிந்தவரின் அறியாமை

சிறுகதைகளைப் பற்றி எழுதுவோரிடம் அண்மைக்காலமாக ஒரு தீர்ப்பு மலிவாகக் கிடைக்கிறது. கதையில் தனித்து வாழும் ஒருவர் வருகிறார். தம் வாழ்வின் கசப்பான உண்மை ஒன்றை ஏறிட்டுப் பாராமலே காலங்கழிக்கிறார். கதை முடிகிறது. உடனே விமரிசகர், உண்மையை எதிர்கொள்ளும் துணிவற்ற பாத்திரம் என்று முத்திரை குத்திவிடுகிறார். சற்று இரக்கமுள்ளவராயின், தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் பேதை என்பார். கோழை, பேதை என்னும் இவ்விரு சொற்களுக்குள் உலகச் சிறுகதையின் சிறந்த மாந்தருள் பாதிப்பேரை அடைத்துவிடலாம் போலும்!

இத்தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்வதற்கு, இலக்கிய விமரிசனத்துக்குத் தொடர்பில்லாததுபோல் தோன்றும் ஓரிடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

அரபு மதரஸாவில் கால்வைக்கும் பிள்ளை முதலாண்டிலேயே ஸர்ஃபு என்னும் சொல்லியலை ஓதத் தொடங்குகிறான். வேர் ஒன்றே பல அச்சுகளில் வார்க்கப்பட்டுப் பல பொருள்களைத் தரும். அந்த அச்சுக்கு வஸ்னு என்று பெயர். கஃப்லத் என்றால் கவனமின்மை, அறியாதிருத்தல். அவ்வேரையே தஃபாஉல் என்னும் வஸ்னில் வார்த்தால் தகாஃபுல் என்றாகும். பொருள், அறியாதவர்போல் இருத்தல். நோயைக் குறிக்கும் வேர் இதே அச்சில் விழுந்தால் தமாருள், அதாவது நோயாளிபோல் பாவித்தல். அறியாமையைக் குறிக்கும் ஜஹ்ல் இங்கே தஜாஹுல் ஆகும். ஆனால் இந்த வஸ்னுக்கு இன்னொரு பொருளும் உண்டு. தஆருஃப் என்றால் ஒருவரையொருவர் அறிதல். தஆவுன் என்றால் ஒருவருக்கொருவர் உதவுதல். பாவனைக்கும் பரஸ்பரத்துக்கும் அந்த மொழி ஒரே அச்சை வைத்திருக்கிறது.

எங்கள் உஸ்தாது இவ்விரு பொருள்களையும் தனித்தனியே மனனம் செய்யச் சொன்னார்கள், நாங்களும் செய்தோம். இவை ஓரச்சில் விழுந்திருப்பதன் பொருத்தம் சிறுகதைகளைப் படிக்கத் தொடங்கிய பிறகே எனக்குத் தட்டுப்பட்டது. பாவனை செய்வதற்கு எதிரே ஒருவர் வேண்டும். எதிரே எவருமில்லாத தனியர் யார் முன்னிலையில் பாவனை செய்வார்?

அணியிலக்கணத்தார் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். தஜாஹுலுல் ஆரிஃப் என்று ஓர் அணி உண்டு. அறிந்தவர் அறியாதவர்போல் வினவுவது. தமிழில் தண்டியாசிரியர் சொல்லும் ஐயவணியோடு ஓரளவு ஒத்தது என்று கொள்ளலாம். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஸக்காகி என்னும் பேரறிஞருக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. தெரிந்த ஒன்றைத் தெரியாததன் போக்கில் நடத்திச் செல்வது என்னும் பொருள்பட வேறு பெயர் இட்டார். அறியாமை என்ற சொல்லை அறிந்தவர்மேல் ஏற்றுவதில் அவருக்கிருந்த கூச்சம் நம் விமரிசகர்களுக்கும் சிறிது இருந்தால் நல்லது. அன்றியும், இவ்வாறு நடத்திச் செல்வதற்கு ஒரு நுக்தா, ஒரு நுண்ணிய காரணம், இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் விதி. புகழ்ச்சி, இகழ்ச்சி, காதலின் திகைப்பு, கடிந்துரை என்று காரணங்களை வகுத்தார்கள். கடிந்துரைக்கு அவர்கள் வழிவழியாகக் காட்டும் எடுத்துக்காட்டு, ஹாரூன் ரஷீதின் காலத்தில் போரில் கொல்லப்பட்ட வலீத் இப்னு தரீஃபுக்காக அவர் சகோதரி லைலா பாடிய இரங்கற்பா. அதில் அவள் ஆற்றங்கரை மரம் ஒன்றோடு வழக்காடுகிறாள். மரத்துக்குத் துக்கம் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். வழக்காட வேறு எவரும் இல்லை என்பதும் தெரியும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் நெல்லைச் சீமைக்கு வருவோம். புதுமைப்பித்தன் (1906–1948) எழுதிய 'செல்லம்மாள்' கதையை அறியாத இலக்கிய வாசகர் குறைவு. ஊரையும் உறவையும் ஐந்நூறு அறுநூறு மைலுக்கு அப்பால் விட்டுவிட்டு, சென்னையில் ஜவுளிக் கடையொன்றில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை. தீராத நோயில் கிடக்கும் அவர் மனைவி செல்லம்மாள். கதை அவளுடைய மரணத்தில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்கிறது. ஆகவே அவள் பிழைக்கமாட்டாள் என்பதை வாசகர் முதல் வரியிலேயே அறிந்துவிடுகிறார். அறிந்துகொண்டே, அறியாதவர்போல் நடந்துகொள்ளும் இருவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் வரலாம் என்கிறாள் செல்லம்மாள். திரும்பும்போது நெல்லிக்காய் அடையும் முருக்க வற்றலும் கொண்டுவர வேண்டும் என்கிறாள். புலிப்பால் கேட்டிருந்தால்கூடப் பிள்ளையவர்களுக்கு இவ்வளவு எட்டாததாக இருந்திராது என்னும் கருத்தில் ஆசிரியர் ஒரு வரி எழுதிச் செல்கிறார். பிள்ளையவர்களோ, பார்ப்போம் என்கிறார். அவ்வளவுதான். கையில் காசு இல்லை. அவள் உடம்பு ரயிலில் ஏறும் நிலையில் இல்லை. ஊரில் இவர்களை எதிர்பார்த்து எவரும் இல்லை. இவ்வளவும் இருவருக்கும் தெரியும். அப்படியிருக்க ஊரைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் நடந்துகொண்டே இருக்கிறது.

இங்கேதான் தஃபாஉல் என்னும் அச்சு தன் இரு பொருளோடும் வந்து நிற்பதைக் காண்கிறேன். அவள் அவருக்காக நம்புவதுபோல் பேசுகிறாள். அவர் அவளுக்காக நம்புவதுபோல் தலையசைக்கிறார். ஒருவர் நிறுத்திவிட்டால் மற்றவர் விழுந்துவிடுவார். இதைத் தன்னேமாற்று என்று சொல்வது, கண்பார்வையற்ற இருவர் ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சாலையைக் கடப்பதைப் பார்த்து, இவர்களுக்குத் தனியே நடக்கத் தெரியவில்லை என்று குறைசொல்வது போலாகும். கடையிலிருந்து அவர் மனைவிக்குக் காட்டுவதற்காகக் கொண்டுவரும் புடவைகளையும், அவற்றுள் ஒன்று கடைசியில் எதற்கு உதவுகிறது என்பதையும் கதையை வாசித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். புதுமைப்பித்தனைக் கசப்பும் ஏளனமும் மிக்கவர் என்பார்கள். அந்த ஏளனம் இந்தத் தம்பதியரின் பாவனையைத் தொடும் இடத்தில் மட்டும் விரலை மடக்கிக்கொள்கிறது. திரையைக் கிழித்துக் காட்டும் வாய்ப்பு அவருக்குப் பத்து இடங்களில் இருந்தது. கிழிக்கவில்லை.

எண்பதுகளில், நான் தென்காசியில் சிறுவனாக இருந்தபோது, கடிதம் படித்துக் காட்டும் வேலை எனக்கு அடிக்கடி வாய்த்தது. தென்காசி, கடையநல்லூர் பகுதிகளிலிருந்து சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நம்மவர் பலர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் குடும்பத்தோடு பெயர்ந்தார்கள். எழுபதுகளுக்குப் பின்னர் வளைகுடா நாடுகளுக்குத் தனித்துப் போகத் தொடங்கினார்கள். இரு வகையிலும் ஊரில் எஞ்சியவர்கள் முதியவர்கள். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாட்டி முறையான ஒரு மூதாட்டி இருந்தார். மகனிடமிருந்து நீலநிற ஏரோகிராம் வரும். அதில் இடம் போதாமல் கடைசிச் சில வரிகளை மடிப்பு ஓரத்தில் குறுக்காக எழுதியிருப்பார்கள். சலாம், நலம், மழை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் படித்து அந்த ஓரத்துக்கு நான் காகிதத்தைத் திருப்பும்போது, "போதும் வாப்பா, மிச்சத்தை நாளைக்குப் படிக்கலாம்" என்று கடிதத்தை வாங்கிக்கொள்வார். நாளைக்கு அந்தக் கடிதத்தை முதலிலிருந்து படிக்கச் சொல்வார்; மீண்டும் ஓரத்தை எட்டும்போது வாங்கிக்கொள்வார். இந்த ஆண்டும் வருவதற்கில்லை என்பதை மகன் எப்போதும் அந்த ஓரத்தில்தான் எழுதுவார் என்பதை அம்மூதாட்டி எந்தக் காலத்திலோ கற்றுக்கொண்டிருந்தார். எழுத்தறியாத அவருக்கு, படிக்கத் தெரிந்த எனக்குத் தெரிந்ததைவிடக் கூடுதலாகவே அந்தக் கடிதம் தெரிந்திருந்தது.

இதை நான் உருக்கத்துக்காகச் சொல்லவில்லை. அந்தப் பாவனைக்கு அவருக்கு ஒரு சிறுவன் தேவைப்பட்டான். அவனும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்னும் வினாவுக்கு விடையாக ஓர் அயல்நாட்டுக் கதையைக் காட்டலாம்.

அதற்கு முன் வாசகர்கள் ஒரு காட்சியை மனத்தில் கொள்ள வேண்டும். தென்காசிக்கு மேற்கே ஒரு மணி நேர நடையில் குற்றாலம். ஜூன் மாதத்தில் மேற்கு மலையில் சாரல் இறங்கினால் சீசன் தொடங்கிவிட்டது என்போம். பேரருவிக்குச் செல்லும் வழியெங்கும் தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாய்க் கூட்டம். பழக்கடை, பலகாரக்கடை, குழந்தைகளின் கூச்சல். ஆகஸ்ட் முடிந்து கூட்டம் வடிந்த பிறகு அதே வழியில் நடந்தால் வேறோர் ஊர்போல் இருக்கும். சீசன் காலத்தில் நாள்தோறும் வந்து, குளிக்காமல், எவரோடும் பேசாமல், ஒரே இடத்தில் அமர்ந்து கூட்டத்தைப் பார்த்திருந்துவிட்டுப் போகும் சிலரை உள்ளூர்க்காரர்கள் அறிவார்கள். அக்கூட்டத்தில் தமக்கும் ஓரிடம் உண்டு என்று எண்ணிக்கொள்வதற்காகவே அவர்கள் வருகிறார்கள் என்று தோன்றும்.

நியூசிலாந்தில் 1888இல் பிறந்து ஐரோப்பாவில் எழுதி 1923இல் இளவயதிலேயே மறைந்த காதரின் மான்ஸ்ஃபீல்டு அம்மையார், 1920இல் 'மிஸ் பிரில்' என்னும் சிறுகதையை வெளியிட்டார். அதுவும் ஒரு சீசன் கதையே. பிரெஞ்சு ஊரொன்றின் பூங்கா. ஞாயிறுதோறும் அங்கே பாண்டு வாத்தியம் உண்டு; சீசன் தொடங்கிவிட்டதால் வாத்தியக்காரர்கள் உற்சாகமாக வாசிக்கிறார்கள். ஆங்கிலம் கற்பித்துப் பிழைக்கும் மணமாகாத மூத்த பெண்மணி மிஸ் பிரில், பெட்டியிலிருந்து தம் பழைய உரோமக் கழுத்தணியை எடுத்து, அதன் மங்கிய கண்களைத் துடைத்து, அணிந்துகொண்டு வந்து பெஞ்சில் அமர்கிறார். பிறர் பேச்சைக் கேட்பதில் அவருக்குப் பயிற்சி அதிகம். இவ்வளவும் ஒரு நாடகம், தாமும் அதில் நடிக்கிறவர், ஒரு வாரம் வராவிட்டால் எவரேனும் கவனித்திருப்பார்கள் என்று எண்ணி மகிழ்கிறார். அப்போது பக்கத்தில் வந்தமரும் இளஞ்சோடி ஒன்று, இந்தக் கிழம் எதற்காக இங்கே வருகிறது என்று ஏளனம் செய்கிறது. கழுத்தணியையும் கேலி பேசிச் சிரிக்கிறது. வழக்கமாக வாங்கும் கேக்குத் துண்டைக்கூட வாங்காமல் அவர் தம் சிற்றறைக்குத் திரும்பி, கழுத்தணியைப் பாராமலே கழற்றிப் பெட்டியில் இட்டு மூடுகிறார். ஏதோ அழும் ஒலி கேட்டதுபோல் அவருக்குப் படுகிறது.

அவ்வளவுதான் கதை. மிஸ் பிரில் அழுதார் என்று ஆசிரியை எழுதவில்லை. ஏதோ அழுதது என்கிறார். இதை அம்மையாரின் சாமர்த்தியம் என்று பாராட்டிவிட்டுப் போகலாம். ஆனால் கதையின் தொடக்கத்தை மீண்டும் பார்க்க வேண்டும். முதற்பத்தியிலிருந்தே அந்த உரோமப் பொருளைத் தடவுவதும் செல்லமாக அழைப்பதுமாக இருக்கிறார் அந்தப் பெண்மணி. செல்லம்மாளுக்குப் பிள்ளையவர்கள் இருந்தார்; நம் மூதாட்டிக்குக் கடிதம் படிக்கும் சிறுவன் இருந்தான்; இவருக்கு எதிரே எவருமில்லை. ஆகவே தம்மையே இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கழுத்தணியில் வைத்துவிட்டார். அடிபட்டபோது அழவேண்டிய பொறுப்பும் அந்தப் பாதிக்கே போயிற்று. அவர் உண்மையை அறிந்துகொண்டாரா இல்லையா என்று தேர்வுத்தாளில் வினாக் கேட்பது வழக்கம். அறிந்துகொள்ளாதவர் ஏன் கேக்கு வாங்கவில்லை? வாங்காமல் நடந்த அந்தச் சில அடிகளிலேயே விடை இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்தப் பூங்காவில் வழக்கமாக வந்தமரும் பிற முதியவர்கள் எல்லாரும் இருண்ட சிற்றறைகளிலிருந்து, அலமாரிகளிலிருந்து வந்தவர்கள்போல் இருக்கிறார்கள் என்று மிஸ் பிரில் முன்னரே எண்ணியிருக்கிறார். கடைசியில் அவர் திரும்பிச் செல்லும் அறையும் அலமாரிபோலவே இருக்கிறது. பிறரிடத்தில் கண்ட உண்மையைத் தம்மிடத்தில் காணாதிருப்பது கஃப்லத் அன்று. அதற்கு எவ்வளவு முயற்சி வேண்டும்! நாள்தோறும் செய்யவேண்டிய வேலை அது. கோழைகளுக்கு இயலாதது.

சிறுகதையை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் நம் பகுதியில் முன்பு இருந்தது. குற்றாலத்திலேயே தம் பிற்காலத்தைக் கழித்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. அவர்கள் கவிதையை அப்படிப் படித்துக் காட்டித்தான் ஒரு தலைமுறைக்கே சுவையைப் புகட்டினார்கள். கதைக்கும் அது பொருந்தும். 'செல்லம்மா'ளையும் 'மிஸ் பிரி'லையும் உரக்கப் படித்தால், ஆசிரியர் குரலைத் தாழ்த்தும் இடங்கள் காதுக்குத் தெரியும். கண்ணால் மட்டும் படிப்பவர்கள் அந்த இடங்களைத் தாண்டிக்கொண்டு போய்த் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

நம்மவர் இதழ்களில் வரும் கதைகளைப் பற்றியும் இங்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். நல்ல நோக்கத்தோடு எழுதப்படுபவைதாம். ஆனால் தனித்திருக்கும் விதவையோ, பிள்ளைகள் கைவிட்ட வயோதிகரோ கதையில் வந்தால், இறுதிப் பத்திக்குள் அவர்களுக்கு உண்மை உணர்த்தப்பட்டாக வேண்டும் என்று ஒரு கட்டாயம். பக்கத்து வீட்டுப் பெரியவரோ, வெள்ளிக்கிழமைப் பிரசங்கமோ, தற்செயலாய் வந்த ஒரு பழைய நண்பரோ அதைச் செய்துவிடுவார். கண்ணீர் வரும், தௌபா வரும், பாங்கு ஒலிக்கும், கதை முடியும். அரபியில் மன்ஃபலூத்தி (1876–1924) எழுதிய கண்ணீர்க் கதைகளை இளமையில் படித்த செல்வாக்கு நம் ஆலிம்களின் எழுத்தில் இன்னும் இருக்கிறது. நானும் அவற்றை விரும்பிப் படித்தவன்தான். ஆனால் அவ்வழியில் சென்றால் பாத்திரத்தின் வாயிலிருந்து உண்மையைக் கறப்பதே கதையின் வேலை என்றாகிவிடுகிறது. பொய் கூடாது என்னும் மார்க்கக் கட்டளையை, ஒருவரது புண்ணை அவர் ஒப்புதலின்றித் திறந்து காட்டும் உரிமையாக நாம் மாற்றிக்கொண்டோமோ என்று ஐயுறுகிறேன். பிறர் குறையைத் துருவி ஆராயாதிருக்கவும் அதே மார்க்கம்தானே கட்டளையிடுகிறது?

இவ்விடத்தில் நபி யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவூட்டலாம். போலி இரத்தம் தோய்ந்த சட்டையைக் கொண்டுவந்து புதல்வர்கள் சொன்னதை அவர்கள் ஏற்கவில்லை. ஆண்டுகள் பல சென்று, துயரத்தால் கண் வெளிறிய பின்னரும், யூஸுஃபின் வாடை வருகிறது என்றபோது சுற்றியிருந்தவர்கள் அதைப் பழைய மயக்கம் என்றார்கள். வீட்டார் அனைவரும் நடந்து முடிந்த உண்மை என்று கொண்டதை அந்த முதியவர் ஒருவர் மட்டும் ஏற்க மறுத்தார்கள், அவர்களே சரி. நபிமார்களின் நிலை வேறு, கதைமாந்தர் நிலை வேறு என்பதை நான் அறிவேன். ஆயினும், தனித்திருக்கும் ஒருவர் ஏற்க மறுப்பதையெல்லாம் உண்மை என்றும், மறுப்பதையெல்லாம் மயக்கம் என்றும் சூழ இருப்போர் கூறிவிடுவதை விமரிசகர் அப்படியே வாங்கிக்கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் பழைய சான்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் உண்மையைக் கண்டு விலகும் எல்லாத் தனியரையும் தாங்கிப் பேசுகிறீரா என்று கேட்கலாம். இல்லை. நுக்தா இருந்தாக வேண்டும் என்றேன். இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அந்தப் பாவனைக்கான விலையை யார் கொடுக்கிறார் என்பது. மிஸ் பிரில் தம் விலையைத் தாமே கொடுத்தார். மூதாட்டியும் அப்படியே, அதனால் மகனுக்கு வருவதற்கில்லை என்று ஆண்டுதோறும் எழுதுவது எளிதாயிற்று என்பது வேறு விஷயம். விலையைப் பிறர் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு.

எகிப்திய எழுத்தாளரும் மருத்துவருமான யூஸுஃப் இத்ரீஸ் (1927–1991) 1971இல் வெளியிட்ட 'பைத்துன் மின் லஹ்ம்' அத்தகைய கதை. விதவை ஒருத்தி, அவள் பெண்மக்கள் மூவர், அவள் மறுமணம் செய்துகொள்ளும் பார்வையற்ற காரீ. ஒரே அறையில் வாழும் அந்த வீட்டில் ஒரு மோதிரத்தையும் மௌனத்தையும் சுற்றி நடப்பது, குடும்பத்தார் படிக்கும் இதழில் விரித்துரைக்கத் தகாதது. விமரிசனத்துக்கு வேண்டிய அளவு மட்டும் சொல்கிறேன். அந்த மனிதர் பார்வையற்றவர். ஆனால் தொடுவுணர்வும் செவியும் உண்டு. ஐயம் எழுகிறது. அறிந்துகொள்ள ஒரு வினாப் போதும். அதை அவர் கேட்கவில்லை. பார்வையுள்ளவர்களின் பொறுப்பு அது என்று தமக்குத் தாமே தீர்ப்பு வழங்கிக்கொள்கிறார். பார்வையற்றோர்மீது குற்றமில்லை என்னும் இறைவசனத்தைத் தொட்டு ஆசிரியர் கதையை முடிக்கிறார், ஆனால் கேள்விக்குறியோடு. நம் ஆலிம்களில் சிலர் இக்கதையைப் பெயர்கேட்டே வெறுப்பார்கள். எனக்கோ தஃபாஉல் என்னும் அச்சின் இருண்ட பக்கத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறொரு கதை தெரியாது. ஐவரும் ஒருவருக்கொருவர் அறியாதவர்போல் இருக்கிறார்கள். பரஸ்பரம் இருக்கிறது, உதவியும் இருக்கிறது, ஆனால் செல்லம்மாள் வீட்டில் இருந்தது இங்கே இல்லை. அங்கே ஒருவர் மற்றவருக்காக அறியாதிருந்தார். இங்கே ஒவ்வொருவரும் தமக்காக.

தமிழில் இதற்கு இணையாகக் காட்டத்தக்கது சிறுகதையன்று, நாவல். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து நெல்லையில் வாழ்ந்து 2019இல் மறைந்த தோப்பில் முஹம்மது மீரான் அவர்களின் 'சாய்வு நாற்காலி', 1997ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதமி பரிசைப் பெற்றது. சவ்தா மன்ஸில் என்னும் பழம்பெரும் வீட்டில், மூதாதையரின் பெருமையைப் பேசிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடக்கிறார் முஸ்தபாக் கண்ணு. வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக விலையாகி, வேலைப்பாடு மிக்க மரங்களும் பெயர்த்து விற்கப்பட்டு, அவர் வயிற்றுக்குள் போகின்றன. வீடு அழிகிறது என்னும் உண்மையைத் தவிர மற்றெல்லாவற்றையும் அவர் பார்க்கிறார். மிஸ் பிரிலின் கழுத்தணியும் இந்த நாற்காலியும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். ஆனால் கழுத்தணியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தவர் அதன் உடையவரே. இந்த நாற்காலி நிமிர்ந்து நிற்க வேண்டுமானால், அடுக்களையில் ஒருத்தி பட்டினி கிடக்க வேண்டும்; பிரம்படி பட வேண்டும்.

அவள் முஸ்தபாக் கண்ணுவின் மனைவி மரியம். நாவலைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டின் வீழ்ச்சியையும் அவருடைய மயக்கத்தையும் பற்றியே எழுதினார்கள். நிலவுடைமைச் சமுதாயத்தின் சிதைவு என்றும் விளக்கினார்கள். சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் தனிமையில் இருப்பவர் யார் என்று கேட்டால் நான் நாற்காலியைச் சுட்டமாட்டேன். அவரைச் சுற்றி ஏவலுக்கு ஆளுண்டு, கேட்பதற்குக் காதுண்டு, பேசுவதற்கு மூதாதையர் உண்டு. மரியத்துக்கு எதிரே அமர்ந்து, ஊருக்குப் போவோம், அடையும் வற்றலும் வாங்கி வருவோம் என்று சொல்வதற்கு ஒருவர் இல்லை. கடிதத்தைப் பாதியில் நிறுத்தச் சொல்வதற்குக் கடிதமும் வருவதில்லை. அடுத்த வேளைக்கு எந்தப் பொருள் வெளியே போகப்போகிறது என்பதை அந்த வீட்டில் முதலில் அறிபவள் அவள்தான். அறிந்தபடியே அடுப்பை மூட்டுகிறாள்.